மூன்று பர்லியார் தூரம்

அந்த யோசனை எனக்கு வந்தபோது அப்பா என் தோல்விகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். கட்டை விரலில் டைப்ரைட்டிங் (லோயர் முடித்து, ஹையரில் நின்றது). ஆட்காட்டி விரலில் இந்தி (பரீட்சை அன்று தூங்கிப்போனேன்). நடுவிரலில் சிப்பிக்காளான். மோதிர விரலில் அங்கோரா முயல். சுண்டுவிரலில் எதை வைப்பது என்று அவர் யோசித்த இடைவெளியில், அவர் மடியில் கிடந்த செய்தித்தாளின் பின்பக்கம் என் கண்ணில் பட்டது. கோவையில் மராத்தான் ஓட்டம். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ஆண், பெண் யாரும் கலந்துகொள்ளலாம்.

பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லாமல் போன வருஷங்கள் அவை. அப்பா குன்னூரை ஒட்டிய ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலை எடை போடும் குமாஸ்தா. சிறு விவசாயிகள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவரும் இலையைத் தராசில் ஏற்றி, ஈரத்துக்கு இவ்வளவு, முற்றிய இலைக்கு இவ்வளவு என்று எடையில் கழிவு போட்டு எழுதுவது அவர் வேலை. விலை விழுந்ததும் இலை பறிக்கவே ஆட்கள் சலித்துக்கொண்டார்கள். தொழிற்சாலை வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடியது. மீதி நான்கு நாள் அப்பா வீட்டில். எடை போட இலை இல்லாததால் என்னை எடை போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது மலையில் ஆளுக்கொரு மாற்றுத் தொழில். காளான் வளர்க்கச் சொன்னார்கள், வளர்த்தேன். அது முளைக்கவில்லை, அதே பையில் வேறு ஏதோ பச்சையாக முளைத்தது. முயல் வளர்க்கச் சொன்னார்கள். ரோமத்துக்காக வாங்கிய முயலுக்குக் குளிருமே என்று ரோமம் வெட்டாமல் விட்டுவிட்டேன். (இதை நான் கருணை என்றேன். அப்பா வேறு பெயர் வைத்திருந்தார்.) இப்படிப் பி.காம். முடித்து ஒரு வருஷம் போனது. அந்த வாரம்தான் சென்னையில் ஒரு கம்பெனியிலிருந்து வேலைக்கான உத்தரவு வந்திருந்தது. ஆறு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை போய்ச் சேர வேண்டும். அப்பா அனுப்ப மாட்டேன் என்றார்.

"நீ போவ கண்ணு. போயிட்டு, ரெண்டாம் மாசம் பொட்டியத் தூக்கிட்டு வந்து நிப்ப."

"வர மாட்டேம்பா."

"காளானுக்கும் இதையேதான் சொன்ன."

"அப்ப எதையாச்சும் ஒண்ணு முழுசா முடிச்சுக் காட்டுனா உடுவீங்களா?"

"எதைய?"

நான் செய்தித்தாளைத் திருப்பி நீட்டினேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"இங்கிருந்து மேட்டுப்பாளையமே அத்தன தூரம் கெடையாது கண்ணு."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏனுங்க, அவ பால் வாங்கப் போறதுக்கே நாலு தடவ சொல்லோணும்."

அதுதான் அப்பாவுக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும். "சரி," என்றார். "முடிச்சுட்டா சென்னைக்குப் போ. நடுவால நின்னுட்டா, சென்னைங்கற பேச்சையே இந்த ஊட்டுல எடுக்கக் கூடாது."

ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. வேலையில் சேருவது அதற்கு அடுத்த வியாழக்கிழமை. நடுவில் மூன்று முழு நாட்கள் இருக்கின்றன, களைப்பாற அது தாராளம் என்று கணக்குப் போட்டேன். அந்த வயதில் நான் போட்ட எந்தக் கணக்கையும் இன்று என்னால் பொறுமையாக நினைத்துப் பார்க்க முடிவதில்லை.

பயிற்சி மறுநாளே தொடங்கியது. எங்கள் வீடு குன்னூருக்குச் சற்றுக் கீழே, மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு படி இறங்கினால் வரும். முதல் நாள் காலை அத்தனை படியையும் ஓடி ஏறி ரோட்டுக்கு வந்தவள், அங்கிருந்த பாலத்துத் திண்டில் உட்கார்ந்து கால் மணி நேரம் எழவில்லை. எஸ்டேட் லாரிக்காக நின்றிருந்த ஒருவர் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். எழுந்து பார்த்தேன். இடது பக்கம் ரோடு குன்னூரை நோக்கி ஏறியது. வலது பக்கம் பர்லியாரை நோக்கி இறங்கியது. எந்தப் பக்கம் ஓடுவது என்று முடிவு செய்ய எனக்கு இரண்டு நொடி ஆனது.

இறக்கத்தில் ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? கால் தானாகப் போகும். கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாக வந்து, பின்னால் போய்க்கொண்டே இருக்கும். மூச்சு வாங்காது. குரங்குகள்கூட வழிவிட்டன. பாதி தூரத்திலேயே, நான் பிறவி ஓட்டக்காரி, இத்தனை நாள் இது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். (புவியீர்ப்பு விசை பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அன்று ஞாபகம் வரவில்லை.) பர்லியாரில் ரோட்டோரக் கடையில் பலாச்சுளை சாப்பிட்டேன். மேலே வரும் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தேன்.

வீட்டிலிருந்து பர்லியார் பதினான்கு கிலோமீட்டர். மராத்தான் நாற்பத்திரண்டு. ஆக, மராத்தான் என்பது மூன்று பர்லியார். இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

ஐந்து வாரத்தில் ஆறு முறை ஓடினேன். மற்ற நாட்களில் மழை பெய்தது, அல்லது பெய்யும்போல் இருந்தது, அல்லது பெய்து ஓய்ந்திருந்தது. ஆறு முறையும் ஒரே ஒழுங்கு: ஓட்டம், பலாச்சுளை, பஸ். கண்டக்டருக்கே நான் பழகிவிட்டேன். "என்ன பாப்பா, இன்னிக்கும் பிரேக் இல்லாம வந்தியா?" என்பார். ஐந்து வாரத்தில் இரண்டு கிலோ கூடியிருந்தேன். அது தசை என்று நம்பினேன்.

அம்மா மட்டும் ஒருநாள் கேட்டாள். "மேல ஏறி ஓடிப் பழகுனா ஆவாதா?"

"கோயமுத்தூர்ல ஏத்தமே கெடையாதும்மா."

"எறக்கமும் கெடையாதே."

படிக்காதவர்களிடம் விளையாட்டு அறிவியலைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று நினைத்ததாக ஞாபகம். (அம்மா, இதைப் படித்தால், மன்னித்துவிடு.)

சனிக்கிழமை மத்தியானமே நானும் அப்பாவும் கோவை போய், பீளமேட்டில் இருக்கும் சித்தி வீட்டில் இறங்கினோம். சித்தி அம்மாவின் தங்கை. மராத்தான் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது, ஆனால் பிள்ளை எதற்கோ மெனக்கெடப் போகிறது என்பது தெரிந்துவிட்டது. அரிசிம்பருப்பு சாதம் ஆக்கி, நெய்யை ஊற்றி, மூன்றாம் முறையும் போட்டாள். "ஓடறவளுக்குத் தெம்பு வேணுமல்லோ" என்றாள். விடிகாலை நான்கரைக்கு ஐந்து இட்லி. நான் மறுக்கவில்லை. தெம்பு வேண்டுமே.

இனி ஸ்வெட்டர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் விடிவதற்கு முன் ஸ்வெட்டர் இல்லாமல் யாரும் வெளியே கிளம்ப மாட்டோம், செருப்புப் போடுவதுபோல அது. அன்றும் கைபோன போக்கில் அம்மா பின்னிய ஊதாக் கம்பளி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். அங்கே கொடுத்த எண் அட்டையை நாலு ஊக்கு போட்டு ஸ்வெட்டரின் மேலேயே குத்திக்கொண்டேன். உள்ளே போட்டிருந்தது தூங்கும்போது போடும் பழைய சட்டை, முதுகில் ஒரு ஜாண் கிழிசல். அதாவது, சமவெளியின் வெயிலில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடக் கிளம்பியவள் கழற்ற முடியாத கம்பளியோடு கிளம்பினேன். என்னைச் சுற்றி நூறு பேர் அரைக்கால் சட்டையில் நின்றிருந்தார்கள். அவர்களுக்காக நான் வருத்தப்பட்டேன், குளிருமே என்று.

ஓட்டம் தொடங்கியது. முதல் இரண்டு கிலோமீட்டரில் நான் பலரை முந்தினேன். என் பக்கத்தில் நிதானமாக ஓடிக்கொண்டிருந்த, அப்பா வயதுக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கொஞ்சம் மெதுவா போலாமுங்களே?"

"நாங்க குன்னூருங்க. ஆறாயிரம் அடியில மூச்சு விடறவங்க."

"நல்லதுங்க," என்றார் அவர்.

அவரை அதற்குப் பிறகு நான் முதுகுப் பக்கமாக மட்டுமே பார்த்தேன். அதுவும் கொஞ்ச நேரம்தான்.

சமதரையில் என்ன கொடுமை என்பதை மலைக்காரர்களுக்கு யாராவது எச்சரிக்க வேண்டும். எங்கள் ரோட்டில் அடுத்த வளைவு வரைதான் கண்ணுக்குத் தெரியும். அதுவரை ஓடினால் போதும் என்று மனசு ஒப்புக்கொள்ளும். வளைந்ததும் இன்னொரு வளைவு, இன்னொரு ஒப்பந்தம். அவிநாசி ரோட்டில் வளைவே கிடையாது. ஓட வேண்டிய தூரம் முழுவதையும் ஒரே நேரத்தில் கண் முன்னால் விரித்து வைத்திருக்கிறார்கள். ஓட ஓட அது அப்படியே இருக்கிறது. என் கால்களோ இறக்கத்தை எதிர்பார்த்து எதிர்பார்த்து, வராததால் ஆறாவது கிலோமீட்டரில் விசாரிக்க ஆரம்பித்து, பத்தாவதில் வேலைநிறுத்தம் செய்தன. சூரியன் வந்தது. கம்பளி தன் வேலையைச் செய்தது.

பதினான்காவது கிலோமீட்டரில் சித்தியின் ஸ்கூட்டரில் அப்பா வந்து சேர்ந்தார். கையில் ஃபிளாஸ்க்.

"எப்படிக் கண்ணு இருக்குது?"

"ஒரு பர்லியார் ஆச்சுப்பா."

"டீ குடிக்கறயா?"

கொளுத்தும் வெயிலில், ஸ்வெட்டருக்குள் வெந்துகொண்டிருந்தவளுக்கு ஆவி பறக்கும் டீ. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. முப்பது வருஷமாக எந்த வியாதிக்கும் அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து அது. குடித்தேன். "போதும்னா வண்டியில ஏறிக்க," என்றார். "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." யாரும் என்றால் அவரையும் சேர்த்தா என்று கேட்டேன். அவர் ஃபிளாஸ்க்கை மூடினார். "நீ திரும்பி வர்ற வழியில, நீலாம்பூர்ல நிக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாதித் தூரம் கருமத்தம்பட்டிக்குச் சற்று முன்னால் முடிந்தது. அங்கே நின்ற ஒரு பெண் என் மணிக்கட்டில் பச்சை ரிப்பன் ஒன்றைக் கட்டினாள். இங்கே வரை வந்து திரும்பியவர் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. கட்டி முடித்ததும் அவள் மேஜையையும் மடித்துவிட்டாள். எனக்காகத்தான் காத்திருந்தாளாம்.

அடுத்து நடந்ததை நான் முப்பது முறை விளக்கிவிட்டேன், யாரும் நம்புவதில்லை. நான் ரோட்டைக் கடந்தேன். எதிரில் ஒரு பஸ் வந்து நின்றது. நான் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

அவ்வளவுதான். யோசிக்கவே இல்லை. ஆறு முறை பழக்கிய உடம்பு. ஓடி முடித்துக் கால் கடுத்தால் அடுத்து பஸ்தான் என்று அதற்குத் தெரியும். காற்று முகத்தில் அடித்தது. கண் மூடியது.

"எங்கம்மா?" என்றார் கண்டக்டர்.

"குன்னூர் ஒண்ணு."

"இது காந்திபுரம் வண்டிங்க."

கண் திறந்து பார்த்தேன். பஸ் முழுக்க என் நெஞ்சில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், கேலியாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டார்.

"ஏனுங்க, ஓட்டப் பந்தயத்துல நடுவால பஸ்ஸுலயும் போலாமுங்களா?"

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த நொடியே நான் குதித்து இறங்கிவிடவில்லை. மணிக்கட்டில் ரிப்பன் இருந்தது. பஸ் போகும் திசையிலேயேதான் மைதானமும் இருந்தது. மைதானத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் இறங்கி ஓடினால் யாருக்குத் தெரியப் போகிறது? சென்னை அங்கே, ஜன்னலுக்கு வெளியே, கையெட்டும் தூரத்தில் இருந்தது. இதை யோசித்துக்கொண்டே ஒரு ஸ்டாப் போனேன். இன்னொரு ஸ்டாப்பும் போனேன். இன்னும் சில ஸ்டாப் போனால் நீலாம்பூர், அங்கே அப்பா நிற்பார் என்பதும் நினைவுக்கு வந்தது. முப்பது வருஷமாக மூட்டைக்குள் கையை விட்டே ஈர இலையைக் கண்டுபிடிக்கும் மனுஷர் அவர். அவர் முன்னால் ஓடி முடித்த முகத்தோடு போய் நிற்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதைவிட, நிஜமாகவே முடித்தேனா இல்லையா என்பது எனக்கே தெரியாமல் சென்னையில் போய் உட்கார முடியாது என்று தோன்றியது. (இதை நேர்மை என்று சொன்னால் பெரிய வார்த்தையாகிவிடும். எரிச்சல் என்று வைத்துக்கொள்ளலாம்.)

மூன்றாவது ஸ்டாப்பில் இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்தேன். ரிப்பன் கட்டிய இடம்வரை போனேன். மேஜையும் இல்லை, பெண்ணும் இல்லை. அங்கே ஒரு முறை தரையைத் தொட்டுவிட்டு மறுபடி கிளம்பினேன். ஆக, உலகத்தில் எல்லோரும் ஓடும் மராத்தானைவிட நீளமான ஒன்றை நான் ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்கு. நடந்தேன், நொண்டினேன், ஒரு பேக்கரி வாசலில் அழுதேன், பேக்கரிக்காரர் கொடுத்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு மறுபடி நடந்தேன். போலீஸார் போக்குவரத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். லாரிகளுக்கு நடுவே, நெஞ்சில் எண்ணோடு, ஊதாக் கம்பளியில் ஒருத்தி.

நீலாம்பூரில் அப்பா இல்லை. நேரத்துக்கு நான் வராததால் பயந்துபோய் மைதானத்துக்கே போயிருந்தார். அங்கே மைக்கில், "குன்னூரைச் சேர்ந்த, ஸ்வெட்டர் அணிந்த பெண்ணை யாராவது பார்த்தால்" என்று மூன்று முறை அறிவிக்கச் செய்தாராம். ஸ்வெட்டர் என்றதும் அறிவிப்பாளர் நிறுத்தி, சரியாகத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டாராம்.

நான் மைதானத்தை அடைந்தபோது மத்தியானம் இரண்டு மணி. தோரண வளைவு, கொடி, மைக் எதுவும் இல்லை. பந்தல்காரர் ஒருவர் ஷாமியானாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"முடியற கோடு எங்கங்க?"

அவர் காலால் காட்டினார். சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருந்தது. தாண்டினேன். தாண்டியதும் தரையில் உட்கார்ந்தேன். அப்பா ஓடி வந்தார். அன்று முழுக்க எங்கள் குடும்பத்தில் ஒழுங்காக ஓடியது அவர் ஒருவர்தான்.

"எங்க கண்ணு போன?"

சொன்னேன். பஸ்ஸையும் சொன்னேன்.

"எத்தன ஸ்டாப்பு?"

"மூணு."

"எறங்கி, ஏறுன எடத்துக்கே திரும்பிப் போனயா?"

"போனேன்பா."

அவர் என் மணிக்கட்டு ரிப்பனைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மூட்டை முன்னால் நிற்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றார்.

"கழிவு ஒண்ணுமில்ல," என்றார். "வியாழக்கெழம போ."

கதை இங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவு கௌரவமாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு மேலே ரோட்டில் பஸ் இறக்கிவிட்டபோது, நூற்றுப் பன்னிரண்டு படிகளும் எனக்குக் கீழே இருந்தன. மராத்தான் ஓடிய தொடைக்குப் படி ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரிய தண்டனை. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். திங்களன்று எழ முடியவில்லை. செவ்வாயன்று உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. அம்மா வெந்நீர் ஒத்தடமும் திட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்தாள். "அவள ஓட உட்டீங்க, இப்ப நடக்க வைங்க பாக்கலாம்," என்றாள் அப்பாவிடம்.

புதன்கிழமை மேட்டுப்பாளையத்தில் ரயில் பிடிக்க வேண்டும். வேலைக்குப் போக அனுமதி இருந்தது, உத்தரவு இருந்தது, டிக்கெட் இருந்தது. ரோட்டுக்குப் போக வழியில்லை.

அப்பா தொழிற்சாலைக்குப் போய் மணியண்ணனையும் செல்வண்ணனையும் கூட்டி வந்தார். இலை மூட்டை தூக்குபவர்கள். இலை வராததால் சும்மா இருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்து, மூட்டை கட்டும் கயிற்றால் இடுப்பைச் சுற்றி நாற்காலியோடு கட்டினார்கள்.

"மூட்டைன்னா பேசாது," என்றார் மணியண்ணன். "இது பேசும். நீ பொறவால புடி செல்வா."

"ஆடாம இரு பாப்பா. கீழ உட்டா மறுபடியும் மொதல்ல இருந்து தூக்கோணும்."

முன்னால் அப்பா பெட்டியோடு, நடுவில் நாற்காலியில் நான், பின்னால் அம்மா புளிசாதப் பொட்டலத்தோடு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆட்கள். மேலே பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தவர்கள் பதறிப்போய், "ஐயோ, என்னாச்சுங்க பாப்பாவுக்கு?" என்று ஓடி வந்தார்கள். அப்பா பெட்டியைக் கீழே வைத்தார். மூச்சு வாங்கிக்கொண்டார்.

"வேலைக்குப் போறா," என்றார்.

சென்னையில் முதல் நாள். மேலாளர் உள்ளே வந்ததும் அறை முழுவதும் எழுந்தது. நான் எழவில்லை. எழ முடியவில்லை. மலைக்காரி திமிர் பிடித்தவள் என்று அன்று எடுத்த பெயர் இன்னும் அந்த அலுவலகத்தில் இருக்கிறது. நானும் இருக்கிறேன், ஆறு வருஷமாக. வீட்டில் இப்போது யார் தடுமாறினாலும், யாருக்குக் கால் சுளுக்கினாலும், சித்திக்கு முட்டி ஆபரேஷன் நடந்து சக்கர நாற்காலியில் வெளியே வந்தபோதும்கூட, யாராவது ஒருவர் கேட்காமல் விடுவதில்லை: "என்ன, வேலைக்குப் போறீங்களா?"

போன வாரம் இன்னொரு விளம்பரம் பார்த்தேன். சென்னைக் கடலில் இரண்டு கிலோமீட்டர் நீச்சல் போட்டி, தை மாதத்தில். எங்கள் மலையில் எனக்குத் தெரிந்து ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. அந்தக் குளிர்த் தண்ணீரில் கால் நனைப்பதே பெரிது. பெயர் கொடுத்துவிட்டேன். நீச்சல் வகுப்பு திங்கட்கிழமை தொடங்குகிறது. அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"கண்ணு," என்றார். "அதுல நடுவால நின்னுட்டா என்ன ஆவும்?"

"முழுகிருவேம்பா."

"அப்பச் சரி," என்றார் அப்பா. "இதைய முடிச்சிருவ."